சார்லஸ் கெட்டரிங்

சார்லஸ் பிராங்கிளின் கெட்டரிங் (ஆகஸ்ட் 29, 1876 – நவம்பர் 25, 1958) ஓர் அமெரிக்கப் பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவை 1920 முதல் 1947 வரை தலைமையேற்று நடத்தினார். தானுந்துகளைக் கைப்பிடியால் சுழற்றாமல் மின்விசையால் கிளப்பும் முறையை உருவாக்கியவர் என்றே இவர் பெரும்பாலும் அறியப்படுகிறார். ஆயினும், எடை குறைந்த இருவீச்சு டீசல் பொறியை ரயில் பாதைக்குக் கொண்டுவந்ததே இவரது பணிகளுள் மிகத் தொலைவு சென்றது எனலாம். அப்பொறியும் அதன் வழிவந்த பொறிகளும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நீராவி என்ஜின்களை அகற்றின. பின்னர் பிரேசில், அர்கெந்தீனா முதலிய தென் அமெரிக்க நாடுகளின் பாதைகளுக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டு அங்கும் ஓடின. ஈயம் கலந்த பெட்ரோல், குளோரோபுளோரோகார்பன் வளிமம் ஆகிய இரண்டும் கூட இவரது ஆய்வுக்கூடத்திலிருந்தே வெளிவந்தன. பெருந்தீங்கு விளைவித்தவை எனப் பின்னாளில் இவை இரண்டும் அறியப்பட்டன.

தமிழில் என்ஜின் என்னும் சொல் வண்டியை இழுக்கும் முழு ஊர்தியையும் குறிக்கும். அதனுள் எரிபொருளை எரிக்கும் கருவியையும் குறிக்கும். குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரையில் முன்னது என்ஜின் என்றும் பின்னது பொறி என்றும் வழங்கப்படுகின்றன.

இளமையும் கல்வியும்

கெட்டரிங் ஒகையோ மாநிலத்தில் லூடன்வில் என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோரின் ஐந்து குழந்தைகளில் இவர் நான்காமவர். சிறு வயதிலிருந்தே இவருக்குக் கண்பார்வை குறைபாடு இருந்தது. நீண்ட நேரம் படித்தால் கடுமையான தலைவலி வரும். பள்ளிப் படிப்பை முடித்தபின் சில காலம் ஊர்ப்புறப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார்.

கண் நோயால் அப்படிப்பை இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஊர் திரும்பிய கெட்டரிங் தொலைபேசிக் கம்பி இழுக்கும் குழுவில் வேலைக்குச் சேர்ந்தார். கம்பம் நட மண்ணில் குழி தோண்டுவதில் தொடங்கி, அக்குழுவின் மேற்பார்வையாளராக உயர்ந்தார். திறந்தவெளியில் உடலுழைப்போடு கழிந்த அந்தக் காலம் அவருடைய உடல்நலத்தைத் தேற்றியது. மின்சுற்றுகளைக் கையால் தொட்டுப் பழகும் வாய்ப்பையும் கொடுத்தது. மீண்டும் பல்கலைக்கழகம் சென்றபோது, பாடநூல்களை உடன் பயின்றவர்கள் உரக்கப் படிக்க, இவர் கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டார். 1904-ஆம் ஆண்டு மின்பொறியியலில் பட்டம் பெற்றபோது இவருக்கு வயது 27. நூலறிவைவிடச் செய்து பார்க்கும் அறிவின் மீது வாழ்நாள் முழுதும் இவர் வைத்திருந்த நம்பிக்கைக்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும்.

தொலைபேசிப் பணியின்போது ஆஷ்லண்ட் நகரில் அறிமுகமான ஆலிவ் வில்லியம்ஸ் என்பவரை 1905-இல் மணந்தார். இவர்களின் ஒரே மகன் யூஜின் 1908-இல் பிறந்தார். டீசல் வரலாற்றில் தந்தையின் பெயருக்கு அடுத்தபடியாகக் குறிப்பிட வேண்டிய பெயர் இவருடையது.

பணப்பதிவுப் பொறியிலிருந்து தானுந்துக்கு

1904-இல் கெட்டரிங் டேட்டன் நகரில் இருந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். கடைகளில் பயன்பட்ட பணப்பதிவுப் பொறிகள் அதுவரை கையால் சுற்றி இயக்கப்பட்டன. அவற்றை ஒரு சிறு மின்மோட்டாரால் இயக்கும் பணி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பொறிக்குள் அடங்கும் அளவு சிறிய மோட்டார் அத்தனை விசையைத் தராது என்று கருதப்பட்டது. தொடர்ந்து ஓடும் மோட்டாருக்கு வகுத்த வரம்பு, ஓரிரு நொடிகள் மட்டும் ஓடும் மோட்டாருக்குப் பொருந்தாது என்பதை இவர் கண்டார். மோட்டாரை அழிப்பது வெப்பம். வெப்பம் சேர நேரம் வேண்டும். எனவே குறுகிய நேரத்திற்கு அதன்மீது பன்மடங்கு சுமை ஏற்றலாம்.

தானுந்தைக் கிளப்பும் மின்மோட்டாரும் இதே உண்மையை அடிப்படையாகக் கொண்டதே. டீசல் ரயில் என்ஜின் ஏற்றத்தில் திணறும்போது அதன் சக்கர மோட்டார்கள் சில நிமிடங்கள் மிகைச்சுமை தாங்குவதும் இதனால்தான்.

உடன் பணியாற்றிய எட்வர்ட் டீட்ஸ் என்பவருடைய வீட்டின் பின்புறக் கொட்டகையில், இரவு நேரங்களில் கெட்டரிங்கும் நண்பர்களும் தானுந்துக்கான மின்கருவிகளைச் செய்து பார்த்தனர். இம்முயற்சியே 1909-இல் டெல்கோ என்னும் நிறுவனமாயிற்று. முதலில் காடிலாக் நிறுவனத்திற்குத் தீப்பொறி மூட்டும் அமைப்பைச் செய்து கொடுத்தனர். அடுத்து வந்தது கிளப்பு மோட்டார். அக்காலத்தில் தானுந்தைக் கிளப்ப முன்புறம் ஒரு கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். பொறி எதிர்த்திசையில் உதறினால் கை முறியும், உயிரிழந்தவர்களும் உண்டு. 1912-ஆம் ஆண்டுக்கான காடிலாக் தானுந்துகளில் கெட்டரிங்கின் அமைப்பு பொருத்தப்பட்டது. கிளப்பும்போது மோட்டாராகவும், வண்டி ஓடும்போது மின்கலத்தை நிரப்பும் மின்னாக்கியாகவும் ஒரே கருவி பணியாற்றியது.

1916-இல் டெல்கோ விற்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அதை வாங்கிய குழுமமும் ஜெனரல் மோட்டார்ஸில் இணைந்தது. முதல் உலகப்போரின் இறுதியில் ஆளின்றிப் பறந்து வெடிகுண்டைச் சுமந்து செல்லும் ஒரு சிறு வானூர்தியையும் கெட்டரிங் உருவாக்கினார். அது களத்தில் பயன்படுமுன் போர் முடிந்துவிட்டது.

செப்புத் துடுப்புப் பொறியின் தோல்வி

ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வுத் தலைவராக 1920-இல் பொறுப்பேற்ற கெட்டரிங்கின் முதல் பெருந்திட்டம் தோல்வியில் முடிந்தது. நீரின்றி, செப்புத் துடுப்புகளின் வழியே காற்றால் குளிரும் தானுந்துப் பொறி ஒன்றை அவர் வடிவமைத்தார். செவர்லே பிரிவின் உற்பத்திப் பொறியாளர்கள் அதை விரும்பவில்லை. ஆய்வுக்கூடத்தில் நன்றாக ஓடியது தொழிற்சாலையில் செய்யப்பட்டபோது மிகையாகச் சூடேறிச் செயலிழந்தது. 1923-இல் 759 வண்டிகள் செய்யப்பட்ட நிலையில் திட்டம் கைவிடப்பட்டு, விற்ற வண்டிகளும் திரும்பப் பெறப்பட்டன. கெட்டரிங் பதவி விலக முன்வந்தார். நிறுவனத் தலைவர் ஆல்பிரட் சுலோன் அவரை விடவில்லை.

பல வாழ்க்கைக் குறிப்புகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆனால் டீசல் முயற்சியைப் புரிந்துகொள்ள இந்நிகழ்வு தேவை. ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெற்ற பொறியை, அதைச் செய்ய மனமில்லாத தொழிற்சாலையிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அவர் 1923-இல் பார்த்துவிட்டார். டீசல் பொறியைப் பொறுத்தவரை, அதைச் செய்யும் நிறுவனமும் அதை ரயிலில் பொருத்தும் நிறுவனமும் தொடக்கம் முதலே ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து இயங்கின.

ஈயமும் குளிர்பதன வளிமமும்

பெட்ரோல் பொறிகளில் எரிபொருள் முறையற்று வெடித்துத் தட்டும் ஒலி எழுப்புவது அக்காலத்தின் பெரிய சிக்கல். இதற்குத் தீர்வு தேடிய கெட்டரிங் குழுவில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் ஈயத்தைச் சிறிதளவு கலந்தால் தட்டல் நிற்பதை டிசம்பர் 1921-இல் கண்டறிந்தார். எரிசாராயம் கலந்தாலும் தட்டல் குறையும் என்பது இக்குழுவினருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் ஈயம் மிகச் சிறிதளவே போதும், காப்புரிமையும் பெறலாம். 1923-இல் விற்பனை தொடங்கியது. 1924-இல் எத்தில் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டு, கெட்டரிங் அதன் முதல் தலைவரானார். விற்பனைப் பெயரில் ஈயம் என்னும் சொல்லே இல்லை.

அதே ஆண்டு அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் ஈய நஞ்சால் மனம் பேதலித்து 5 தொழிலாளர்கள் இறந்தனர். மேலும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 1925-இல் விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டது. அரசு மருத்துவத் துறை அமைத்த குழு, தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று 1926-இல் கூறவே மீண்டும் தொடங்கியது. அடுத்த அரை நூற்றாண்டில் ஈயம் உலகெங்கும் காற்றிலும் மண்ணிலும் குழந்தைகளின் குருதியிலும் சேர்ந்தது. தானுந்துகளுக்கான ஈயப் பெட்ரோலைக் கடைசியாகக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021.

குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட அம்மோனியா, கந்தக டைஆக்சைடு போன்ற நச்சு வளிமங்களுக்கு மாற்றாக மிட்ஜ்லி குழுவினர் உருவாக்கிய குளோரோபுளோரோகார்பன் முதலில் பெரும் நன்மையாகவே கருதப்பட்டது. அது ஓசோன் படலத்தை அழிக்கக்கூடும் என்று 1974-இல்தான் தெரியவந்தது. 1987-ஆம் ஆண்டு மொண்ட்ரியால் உடன்படிக்கை அதன் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பது முறையாகாது. ஓசோன் படலத்தின் அழிவு பற்றி 1930-இல் எவருக்கும் தெரியாது. ஈயம் நஞ்சு என்பதோ 1924-இலேயே எல்லோருக்கும் தெரியும்.

டீசல் பொறி

1920-களில் டீசல் பொறி என்பது கப்பல்களிலும் மின்நிலையங்களிலும் நிலையாக நின்று மெதுவாகச் சுழலும், மிகுந்த எடையுள்ள எந்திரம். நீராவியைவிடப் பலமடங்கு குறைவாக எரிபொருள் உண்ணும். ஆனால் ஒரு குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 27 கிலோகிராம் எடை இருந்தால், அதை ரயிலில் ஏற்றினால் தன்னைத்தானே சுமப்பதற்கே அதன் ஆற்றல் போய்விடும்.

கெட்டரிங்குக்கு டீசலில் ஆர்வம் வந்தது அவருடைய சொந்தப் படகு வழியாக. 1920-களின் இறுதியில் வாங்கிய உல்லாசப் படகின் டீசல் பொறி அறையிலேயே அவர் பெரும்பகுதி நேரத்தைக் கழித்ததாகக் கூறுவர். அப்பொறியின் குறைகளை ஆராய்ந்தபின், எடையைக் குறைக்க இருவீச்சு முறையே வழி என்ற முடிவுக்கு வந்தார். நான்குவீச்சுப் பொறியில் பிஸ்டன் நான்கு முறை நகர்ந்தால்தான் ஒரு முறை ஆற்றல் கிடைக்கும். இருவீச்சுப் பொறியில் ஒவ்வொரு முறை கீழிறங்கும்போதும் ஆற்றல் கிடைக்கும். எனவே அதே ஆற்றலுக்குச் சிறிய பொறி போதும். இதில் இடையூறு என்னவென்றால், எரிந்த புகையை வெளியேற்றிப் புதிய காற்றை நிரப்ப மிகக் குறுகிய நேரமே கிடைக்கிறது. பொறியின் விசையால் சுழலும் காற்றூதி ஒன்று உருளையின் பக்கத் துளைகள் வழியே காற்றை உட்செலுத்த, மேலுள்ள தடுக்கிதழ்கள் வழியே புகை ஒரே திசையில் வெளியேறும்படி செய்தது இவருடைய குழு. ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனியே எரிபொருளை மிகையழுத்தத்தில் பீய்ச்சும் சிறு கருவியை உருவாக்கவே நெடுங்காலம் ஆயிற்று. அதன் உள்பகுதிகள் நூலிழைக்கும் குறைவான இடைவெளியில் பொருந்த வேண்டியிருந்தன.

1930-இல் ஜெனரல் மோட்டார்ஸ், கிளீவ்லண்டின் வின்டன் பொறி நிறுவனத்தையும், ஹெரால்ட் ஹாமில்டன் 1922-இல் தொடங்கிய எலக்ட்ரோ மோட்டிவ் நிறுவனத்தையும் வாங்கியது. வின்டன் பொறி செய்தது. எலக்ட்ரோ மோட்டிவ் அதை ரயிலில் பொருத்தி விற்றது. யூஜின் கெட்டரிங்கும் வின்டன் நிறுவனத்தில் சேர்ந்தார்.

1933-இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் அரங்குக்கு மின்சாரம் தரத் தலா 600 குதிரைத்திறன் கொண்ட இரண்டு சோதனைப் பொறிகள் நிறுவப்பட்டன. பகலில் அவை ஓடின. இரவில் யூஜினும் மற்றப் பொறியாளர்களும் அவற்றைப் பிரித்துப் பழுது பார்த்தனர். இவற்றைக் கண்ட பர்லிங்டன் ரயில் நிறுவனத் தலைவர் ரால்ப் பட், தமது புதிய துருப்பிடிக்கா எஃகு ரயிலுக்கு இதே பொறிதான் வேண்டும் என்று வற்புறுத்தினார். அவ்வாறு உருவான செபிர் ரயில், மே 26, 1934 அன்று டென்வரிலிருந்து சிகாகோ வரையிலான 1,633 கிலோமீட்டரை 13 மணி 5 நிமிடங்களில் நில்லாமல் கடந்தது. சராசரி வேகம் மணிக்குச் சுமார் 125 கிலோமீட்டர். அப்பொறியின் எடை ஒரு குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 9 கிலோகிராமாகக் குறைந்திருந்தது.

எனினும் வின்டன் பொறி நாள்தோறும் சரக்கு இழுக்கும் கடும்பணிக்குப் போதுமானதாக இல்லை. பிஸ்டன்கள் விரைவில் பழுதாயின. யூஜின் முக்கியப் பங்காற்றிய புதிய வடிவமைப்பு 1938-இல் வெளிவந்தது. ஒவ்வோர் உருளையின் கொள்ளளவும் 567 கன அங்குலம் என்பதால் 567 என்றே அதற்குப் பெயர். 6, 8, 12, 16 என உருளைகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் வெவ்வேறு ஆற்றலுள்ள பொறிகளைச் செய்யலாம். பிஸ்டன், உருளை, பீய்ச்சுகருவி ஆகியன எல்லாவற்றிலும் ஒன்றே. உதிரிப்பாகம் கப்பலில் வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய தொலைநாட்டு ரயில்வேக்கு இந்த ஓரினத் தன்மை எத்தகைய வரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நான்கு பிரிவுகள் கொண்டு மொத்தம் 5,400 குதிரைத்திறனுடன் அமைந்த 103 என்னும் எண்ணுள்ள செயல்விளக்க என்ஜின், 1939 நவம்பர் முதல் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் 20 ரயில் நிறுவனங்களின் பாதைகளில், 35 மாநிலங்களில், சுமார் 1,34,800 கிலோமீட்டர் சரக்கு இழுத்துக் காட்டியது. இத்தகைய என்ஜின்களை முதலில் பெருமளவில் வாங்கியது சான்டா பே நிறுவனம். அதன் பாதை நீரற்ற பாலை நிலத்தின் ஊடே சென்றது. நீராவி என்ஜின்களுக்கான நீரையே ரயிலில் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப்போரில் இதே பொறி, படைகளைக் கரையிறக்கும் பெரிய கப்பல்களிலும் பயன்பட்டது. 1950-களின் இறுதிக்குள் அமெரிக்க ரயில்பாதைகளில் நீராவி ஏறத்தாழ மறைந்துவிட்டது. நீராவியோடு ஊர்தோறும் இருந்த பழுதுபார்க்கும் பட்டறைகளும், கொதிகலனுக்குத் தீமூட்டும் பணியாளர்களின் வேலையும் போயின.

தென் அமெரிக்கப் பாதைகளில்

போருக்குப் பின் அமெரிக்க என்ஜின் நிறுவனங்கள் வெளிச்சந்தையைத் தேடின. தென் அமெரிக்காவுக்கு டீசல் தேவைப்பட்டதற்குத் தனிக் காரணம் இருந்தது. அர்கெந்தீனாவின் ரயில்கள் பிரித்தானிய நிலக்கரியை நம்பி ஓடின. இரண்டாம் உலகப்போரில் அது வரத்து நின்றபோது விறகையும் மக்காச்சோளத்தையும் கொதிகலனில் இட்டு எரித்தனர். பிரேசிலிலும் காடழித்த விறகே பெரும்பாலான என்ஜின்களின் எரிபொருளாக இருந்தது. வடக்குச் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் நிலக்கரி மட்டுமன்றி நீரும் இல்லை.

ஆனால் அமெரிக்காவில் ஓடிய என்ஜினை அப்படியே கப்பலில் ஏற்றி அனுப்ப இயலாது. அமெரிக்கப் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். தென் அமெரிக்காவிலோ நாட்டுக்கு நாடு, சில இடங்களில் ஒரே நாட்டுக்குள்ளேயே, அகலம் வேறுபட்டது. அர்கெந்தீனாவில் மட்டும் 1,676, 1,435, 1,000 மில்லிமீட்டர் என மூன்று முக்கிய அகலங்கள். இவற்றுள் முதலாவது இந்தியாவின் அகலப்பாதை அளவேயாகும். பிரேசிலில் மீட்டர் பாதையும் 1,600 மில்லிமீட்டர் பாதையும். கொலம்பியாவில் 914 மில்லிமீட்டர். தண்டவாளமும் பாலங்களும் பல இடங்களில் எடை தாங்காதவை. சுரங்கப்பாதைகள் தாழ்வானவை. பிரித்தானியர் அமைத்த பாதைகளில் வண்டிகளை இணைக்கும் கொக்கியும் தடை முறையும் அமெரிக்க முறையிலிருந்து வேறுபட்டன.

இதற்கென எலக்ட்ரோ மோட்டிவ் பிரிவு 1950-களில் ஏற்றுமதிக்கான தனி வரிசையை வடிவமைத்தது. ஜி8 என்பது 8 உருளை கொண்டது; ஜி12 என்பது 12 உருளை கொண்டது. இரண்டிலும் இருப்பது 567 பொறியே. உடற்கூட்டின் உயரமும் அகலமும் குறைக்கப்பட்டன. பாதையின் அகலத்துக்கேற்ப வெவ்வேறு சக்கரச் சட்டகங்களைப் பொருத்திக்கொள்ளலாம். பின்வந்த வரிசைகளில் பெயரின் இறுதி எழுத்தே இதைச் சொல்லும். யூ என்று முடிந்தால் குறுகிய பாதைக்கும் பொருந்தும் பொதுமோட்டார் உள்ளது; டபிள்யூ என்று முடிந்தால் அகலமான பாதைக்கு மட்டும் உரியது. அர்கெந்தீனாவின் அஸ்தார்சா தொழிற்சாலை பின்னாளில் இவ்வரிசையைச் சேர்ந்த ஜிடி22 என்ஜின்களை உரிமம் பெற்றுச் செய்தது.

மாற்றியமைப்பதில் மிகக் கடினமானது மோட்டார்தான். டீசல்-மின் என்ஜினில் பொறி சக்கரத்தை நேரடியாகச் சுழற்றுவதில்லை. அது மின்னாக்கியைச் சுழற்ற, அம்மின்சாரத்தால் ஒவ்வோர் அச்சிலும் தொங்கும் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மோட்டார் இரண்டு சக்கரங்களுக்கு இடையில் அடங்க வேண்டும். மீட்டர் பாதையில் அந்த இடைவெளி ஒரு மீட்டருக்கும் குறைவு. மோட்டார் சிறுத்தால் அதன் ஆற்றலும் சிறுக்கும்.

இதற்கு மிகத் துணிவான விடை பிரேசிலில் கிடைத்தது. விட்டோரியா-மினாஸ் ரயில்பாதை, மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தின் இரும்புத் தாதுவை அட்லாண்டிக் கரைக்குக் கொண்டு செல்லும் மீட்டர் பாதை. 1950-களில் இங்கு ஜி12 என்ஜின்கள் வந்தன. தாதுவின் அளவு பெருகவே, அமெரிக்காவில் ஆறு அச்சுகளில் ஓடிய 3,600 குதிரைத்திறன் என்ஜினே வேண்டும் என்ற நிலை வந்தது. ஆறு சிறு மோட்டார்கள் அந்த ஆற்றலை ஏற்கா. ஆறு அச்சுகளில் அந்த எடையைப் பாதை தாங்காது. எனவே நான்கு அச்சுகள் கொண்ட இரண்டு சட்டகங்களின் மீது, மொத்தம் எட்டு அச்சுகளும் எட்டு மோட்டார்களும் உள்ள டிடிஎம்45 உருவாயிற்று. 1970 முதல் 1976 வரை இத்தகைய 83 என்ஜின்கள் செய்யப்பட்டன. நீண்ட நான்கு-அச்சுச் சட்டகத்திற்குப் பதிலாக, இரண்டு-அச்சுச் சட்டகங்கள் நான்கைப் பொருத்தும் முறை பிரேசிலில் பின்னர் பரவியது. இரண்டாங்கையாக வாங்கப்பட்ட அமெரிக்க என்ஜின்கள் பலவும் இம்முறையிலேயே மீட்டர் பாதைக்கு மாற்றப்பட்டன.

டிடிஎம்45-இல் இருந்தது 20 உருளைகள் கொண்ட 645 வரிசைப் பொறி. 567 பொறியின் உருளை விட்டத்தைச் சற்றே பெருக்கியதே 645. பிஸ்டன் நகரும் தொலைவு இரண்டிலும் அதே 254 மில்லிமீட்டர்.

கெட்டரிங்கின் பொறி தோற்ற இடமும் இக்கண்டத்தில் உண்டு. பெருவின் மத்திய ரயில்பாதை கலேரா சுரங்கத்தில் 4,781 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. பொறியோடு பிணைந்து சுழலும் காற்றூதி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே கன அளவு காற்றைத்தான் தள்ளும். உயரத்தில் காற்று மெலிவதால் அதே கன அளவில் ஆக்சிசன் குறைந்து ஆற்றல் சரியும். புகையின் விசையால் சுழலும் டர்போ காற்றழுத்தியோ, காற்று மெலியும்போது மேலும் விரைந்து சுழன்று ஓரளவு ஈடு செய்யும். எனவே அன்டீஸ் மலைப்பாதைகளில் போட்டி நிறுவனமான அல்கோவின் டர்போ பொருத்திய நான்குவீச்சுப் பொறிகளே நெடுங்காலம் விரும்பப்பட்டன. எலக்ட்ரோ மோட்டிவ் தனது 567 பொறியில் டர்போ பொருத்திய என்ஜின் வரிசையை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1958-இல், கெட்டரிங் இறந்த ஆண்டில்.

தெற்காசியாவில்

தமிழ் வாசகர்கள் இப்பொறியின் ஒலியைக் கேட்டிருக்க வாய்ப்புண்டு. தென் அமெரிக்காவுக்குச் சென்ற ஜி12 வரிசையைச் சேர்ந்தவையே, கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா இலங்கைக்கு வழங்கிய எம்2 என்ஜின்கள். கனடாவின் மாகாணங்களின் பெயர்கள் இவற்றுக்குச் சூட்டப்பட்டன. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான வண்டிகளையும் இவை இழுத்தன. இந்தியா 1962-இல் டர்போ பொருத்திய 567 பொறியுடன் 72 என்ஜின்களை வாங்கி டபிள்யூடிஎம்-4 எனப் பெயரிட்டது. ஆயினும் தொழில்நுட்பத்தைக் கையளிக்க அல்கோ முன்வந்ததால், வாரணாசியில் உள்நாட்டிலேயே செய்யத் தேர்ந்தெடுக்கப்பட்டது அல்கோ வடிவமே. 567 வழிவந்த 710 பொறி, டபிள்யூடிஜி-4 என்ஜின்களின் வடிவில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது.

இறுதிக் காலம்

1945-இல் சுலோன், கெட்டரிங் இருவர் பெயராலும் நியூயார்க்கில் புற்றுநோய் ஆய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. மனைவி ஆலிவ் 1946-இல் காலமானார். அடுத்த ஆண்டு கெட்டரிங் ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து ஓய்வு பெற்றார். 1927-இல் தாம் தொடங்கிய அறக்கட்டளையின் வழியே, தாவரங்கள் ஒளியிலிருந்து உணவு செய்யும் முறை பற்றிய ஆய்வுக்கு நெடுங்காலம் பொருளுதவி செய்துவந்தார். எரிபொருளின் ஆற்றல் எல்லாம் முடிவில் கதிரவனிடமிருந்தே வருகிறது. அதை இலை எவ்வாறு பிடிக்கிறது என்பதை அறிந்தால் எண்ணெயை நம்பியிருக்க வேண்டாம் என்பது அவரது எண்ணம். அவர் வாழ்நாளில் இது கைகூடவில்லை.

நவம்பர் 25, 1958 அன்று டேட்டன் அருகே தமது இல்லத்தில் 82-ஆம் வயதில் இறந்தார். அவர் வாழ்ந்த பகுதி 1950-களிலேயே கெட்டரிங் எனப் பெயர் பெற்ற நகரமாகியிருந்தது. மிச்சிகன் மாநிலம் பிளின்ட் நகரில் உள்ள பொறியியல் கல்வி நிலையம் 1998-இல் கெட்டரிங் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றப்பட்டது. மகன் யூஜின் 1969-இல் காலமானார். செபிர் ரயில் சிகாகோவின் அறிவியல், தொழில்துறை அருங்காட்சியகத்திலும், 103-ஆம் எண் என்ஜினின் முன்பிரிவு செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகிலுள்ள தேசியப் போக்குவரத்து அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டன.